விமானத்தில் வெந்நீர், தண்ணீர், காபி: எப்போது கேட்க வேண்டும், எப்போது மூடிவிடுவார்கள்?

எட்டு மாதக் குழந்தை மடியில், அறுபத்தெட்டு வயது அம்மா பக்கத்து இருக்கையில், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு விமானம். குழந்தை வழியெல்லாம் தூங்கினாள். எழுப்ப மனம் வரவில்லை. விமானம் இறங்கத் தொடங்கியதும் காது அடைத்து வீரிட்டு அழ ஆரம்பித்தாள். பால் பவுடர் இருந்தது, புட்டி இருந்தது, வெந்நீர் மட்டும் இல்லை. அழைப்பு பட்டனை அழுத்தினேன். வந்த பணிப்பெண் தன்மையாகத்தான் சொன்னார்: "சாரி மேடம், இனிமேல் சுடுதண்ணீர் தர முடியாது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம்." அந்த நேரம் பார்த்து அம்மா என் கையைத் தட்டி, "மாத்திரை போடணும், ஒரு வாய் தண்ணி வாங்குடி" என்றார். அதுவும் கிடைக்கவில்லை.

அதற்கு முந்தைய மூன்று மணி நேரமும் அவர்கள் தள்ளுவண்டியோடு நடந்துகொண்டேதான் இருந்தார்கள். கேட்டிருந்தால் ஒரு செம்பு வெந்நீர் கிடைத்திருக்கும். எப்போது கேட்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அதே வழியில் நாலைந்து முறை போய்வந்து, பணியாளர்களிடமே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல்முறை பறக்கிறவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கத் தனியாக விமானம் ஏறும் அப்பா அம்மாக்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் சென்னை - சிங்கப்பூர் பயணத்தை வைத்தே சொல்கிறேன். வேறு ஊர் என்றால் நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

வீட்டில் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிறோம். விமானத்தில் அப்படி இல்லை. அங்கே எல்லாமே இறங்கும் நேரத்தை வைத்துத்தான் நடக்கிறது.

35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம், தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே கீழ்நோக்கி இறங்கத் தொடங்கிவிடும். 10,000 அடிக்கு வரும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் மிச்சம் இருக்கும். அதற்குள் பணியாளர்கள் கோப்பைகளைத் திரும்ப வாங்கி, வண்டிகளை உள்ளே தள்ளிப் பூட்டி, ஒவ்வொருவர் பெல்ட்டையும் முன்னால் மடக்கும் சாப்பாட்டுப் பலகையையும் ஜன்னல் திரையையும் பார்த்து முடித்திருக்க வேண்டும். அதனால் அவர்களுடைய 'கடை' நாம் நினைப்பதை விட வெகு முன்னாலேயே மூடிவிடுகிறது.

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது கேட்டுவிட வேண்டும். முக்கால் மணி நேரம் இருக்கும்போது கையில் இருக்க வேண்டும். அரை மணிக்குள் வந்துவிட்டால், கிடைக்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கிடைத்தால் அது அவர்கள் நல்ல மனது.

இந்தக் கணக்கைப் போடும்போது மூன்று இடத்தில் தவறு நடக்கும். மூன்றிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதலாவது, டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம். அது இந்த விமான நிலையத்தின் கேட்டிலிருந்து அந்த விமான நிலையத்தின் கேட் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, அங்கே வரிசையில் நிற்பது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். நாலேகால் மணி நேரம் என்று போட்டிருந்தால் காற்றில் இருப்பது நாலு மணிக்கும் குறைவாக இருக்கலாம். விமானி அறிவிப்பில் "பறக்கும் நேரம் இவ்வளவு" என்று சொல்வார். அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கைக்கடிகாரம். டிக்கெட்டில் இறங்கும் நேரம் சிங்கப்பூர் நேரப்படி இருக்கும், நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 6.30க்கு இறங்கும் விமானம், அம்மாவின் கடிகாரப்படி விடிகாலை 4 மணிக்கே இறங்கிவிடும். அன்று அம்மா தன் கடிகாரத்தைப் பார்த்து "இன்னும் நிறைய நேரம் இருக்கு" என்று சொன்னது இதனால்தான். ஏறி உட்கார்ந்ததுமே கடிகாரத்தை மாற்றிவிடுங்கள். முன்னால் திரை இருந்தால் அதில் 'சேர இன்னும் இவ்வளவு நேரம்' என்று வரும். அதற்கு மேல் நம்பகமான கடிகாரம் விமானத்தில் கிடையாது.

மூன்றாவது, சீக்கிரம் போய்ச் சேருவது. பின்காற்று இருந்தால் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கும். எல்லாரும் கைதட்டுவார்கள். நம் காபி அந்த இருபது நிமிடத்தோடு போய்விடும்.

2. ஏன் இவ்வளவு கெடுபிடி?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் கோபம் குறையும். இருக்கையில் நிறுவனம் கொடுத்த உணவோ பானமோ கோப்பையோ இருக்கும்போது விமானம் ஏறவோ இறங்கவோ கூடாது என்று அமெரிக்க விமான விதியே சொல்கிறது. மற்ற நாட்டு விமானங்களிலும் நடைமுறை இதுதான்.

அதோடு காற்றுக் குலுக்கல் பயமும் சேர்ந்துகொண்டது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே கடும் குலுக்கலில் சிக்கி, ஒரு பயணி இறந்து, பாங்காக்கில் இறக்கப்பட்டது. அதன் பிறகு அந்த நிறுவனம், பெல்ட் விளக்கு எரிந்தால் சூடான பானம் மட்டுமல்ல, சாப்பாடும் நிறுத்தப்படும் என்று விதியை மாற்றியது. கொரியன் ஏர் அதே ஆண்டு ஜூலையிலிருந்து நடுத்தர, நீண்டதூர விமானங்களில் இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பு முடித்துக்கொண்டிருந்த சேவையை 40 நிமிடம் முன்பே முடிக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், 2024 டிசம்பர் 4 முதல், 10,000 அடியில் தொடங்கிய இறங்கும் ஆயத்தத்தை 18,000 அடியிலேயே தொடங்குகிறது. ஆக, பழைய பயணி யாராவது "அதெல்லாம் கடைசி வரைக்கும் தருவாங்க" என்று சொன்னால், அது அவர் பறந்த காலத்துக் கதை.

நிற்கிறவர்கள்தான் குலுக்கலில் முதலில் அடிபடுகிறார்கள். அந்த வண்டியும் நிரம்பினால் ஆள் கனத்துக்கு மேல் இருக்கும். அது கூரைக்கு எழும்பிக் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

3. கிளம்பும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

காலி பாட்டில் ஒன்று. கட்டாயம். வெளிநாட்டுப் பயணத்தில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் போகாது. ஆனால் காலி பாட்டிலை யாரும் தடுப்பதில்லை. சோதனை முடிந்ததும் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். உள்ளே விற்கும் தண்ணீர் பாட்டிலின் விலையைப் பார்த்தால் இந்த ஆலோசனையின் அருமை புரியும். உள்நாட்டுப் பயணத்தில் இந்த அளவு கெடுபிடி இல்லை.

பலர் ஏமாறுவது எங்கே என்றால், 100 மில்லி என்பது பாட்டிலின் கொள்ளளவு, உள்ளே இருக்கும் அளவு அல்ல. 200 மில்லி இருமல் மருந்துப் பாட்டிலின் அடியில் இரண்டு ஸ்பூன் இருந்தாலும் அது 200 மில்லிதான். தயிர், மோர், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், எல்லாமே திரவக் கணக்கு. அம்மா கட்டிக்கொண்டுவந்த மாவடு எங்கள் கண்முன்னே குப்பைத் தொட்டிக்குப் போனது.

குழந்தைக்கான பால், வெந்நீர், வழியில் தேவைப்படும் மருந்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு, பயணத்துக்குத் தேவையான அளவு. மறைக்காமல் தனியாக எடுத்து வைத்து, "குழந்தைக்கு" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சில நேரம் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வார்கள்.

காகிதங்கள் என்று பார்த்தால் அதிகம் இல்லை. டாக்டரின் மருந்துச் சீட்டு, அதில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரில் எழுதிய சீட்டால் வாதாட வேண்டியிருக்கும். இன்சுலின் எடுப்பவர் என்றால் ஊசியும் கொண்டுபோவதாக ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. சரக்கு அறையில் உறைந்துபோகலாம்.

அப்புறம் ஒன்று. தனியாகப் போகும் பெரியவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்: இவர் சர்க்கரை நோயாளி, ஆங்கிலம் பேச மாட்டார், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தண்ணீர் கொடுத்து மாத்திரை போட நினைவூட்டுங்கள் என்று. ஏறும்போதே வாசலில் நிற்கும் பணியாளரிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். என் அம்மா அடுத்த முறை தனியாகத் திரும்பியபோது இந்தச் சீட்டு நான் எதிர்பார்த்ததை விட நன்றாக வேலை செய்தது. பிஸ்கட் வேறு கூடுதலாகக் கொடுத்தார்களாம்.

4. காசு: எது இலவசம், எது விலைக்கு?

முழுச் சேவை விமானங்களில் தண்ணீர், பழச்சாறு, டீ, காபி எல்லாம் டிக்கெட் விலையில் அடக்கம். எத்தனை முறை கேட்டாலும் காசு இல்லை. கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பவர்கள் நம்மவர்கள்தான்.

மலிவு விலை விமானங்களில் நிலைமை வேறு. சிலவற்றில் ஒரு காகிதக் கோப்பைத் தண்ணீர் கேட்டால் சும்மா கொடுப்பார்கள். சிலவற்றில் அதற்கும் விலை. வெளிச் சாப்பாடு கூடாது என்று எழுதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் குழந்தை உணவுக்கு அவர்களும் தடை போடுவதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே அந்த நிறுவனத்தின் பக்கத்தில் இதைப் படித்துவிடுங்கள். சாப்பாட்டை முன்பே பதிவு செய்தால் பெரும்பாலும் விலை குறைவு. வண்டி நம் வரிசைக்கு வருவதற்குள் தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. சர்க்கரை நோயாளி உணவு, குழந்தை உணவு, இந்து சைவ உணவு போன்ற சிறப்புச் சாப்பாடுகளைப் பொதுவாக 24 மணி நேரம் முன்பாவது சொல்லியிருக்க வேண்டும். பதிவு செய்த ரசீதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேலே போனால் நெட் கிடைக்காமல் போகலாம்.

காசு கொடுக்கும் இடத்தில்தான் பெரிய வழுக்கல். இந்திய வங்கிகளின் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் மூடப்பட்டே வரும். 2020லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி அது. வெளிநாட்டு நிறுவனத்தின் விமானத்தில் ஒரு கப் நூடுல்ஸ் வாங்கினாலும் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான். வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும், அதுவும் வீட்டில் இருக்கும்போதே. டெபிட் கார்டைச் சில விமான இயந்திரங்கள் ஏற்பதே இல்லை, ஏனென்றால் பறக்கும்போது அவை வங்கியோடு பேசுவதில்லை. கிரெடிட் கார்டு ஒன்று, சில்லறையாகக் கொஞ்சம் அந்த ஊர்க் காசு, இரண்டும் இருந்தால் கவலை இல்லை. 500 ரூபாய் நோட்டை நீட்டி வெளிநாட்டு விமானத்தில் தண்ணீர் வாங்கிவிடலாம் என்று நம்பாதீர்கள்.

தாமதமானால் கேட்டு வாங்க வேண்டிய உரிமை ஒன்றும் இருக்கிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இரண்டரை மணி நேரம் வரையிலான பயணம் என்றால் 2 மணி நேரத் தாமதத்துக்கும், ஐந்து மணி வரையிலான பயணத்துக்கு 3 மணி நேரத் தாமதத்துக்கும், அதற்கு மேற்பட்டதற்கு 4 மணி நேரத் தாமதத்துக்கும் சாப்பாடும் பானமும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். நீங்கள் நேரத்துக்குச் செக்-இன் செய்திருக்க வேண்டும். போர்டிங் பாஸைக் காட்டிக் கேளுங்கள். தானாக யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

5. ஏறிய பிறகு முதல் ஒரு மணி நேரம்

வாசலிலேயே பாட்டிலைக் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். பின்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். விமானம் மேலே போய், பெல்ட் விளக்கு அணைந்து, வண்டி ஒரு சுற்று வந்து முடியட்டும். அதன் பிறகு பின்பக்கத் திரைச்சீலைக்கு நடந்து போய்க் கேளுங்கள். அந்தச் சமையல் மூலைக்கு அவர்கள் மொழியில் 'கேலி' என்று பெயர். பெயரைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், அங்கே நின்று வேலை செய்கிறவர்கள் சிரிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள்.

அழைப்பு பட்டனை அழுத்துவதில் தவறே இல்லை, நடுவானில் அமைதியாகப் பறக்கும்போது. ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்தினால் ஏதோ ஆபத்து என்று நினைப்பார்கள். அன்று என் பட்டன் சத்தத்துக்கு அந்தப் பெண் ஓடிவந்த வேகம் இப்போதுதான் புரிகிறது.

இரவு விமானத்தில் இன்னொரு சிக்கல். சாப்பாடு ஒரே ஒரு முறை, புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். பிறகு விளக்கை அணைத்துவிடுவார்கள். தூங்குகிறவரை எழுப்ப மாட்டார்கள். நீங்கள் விழிக்கும்போது வண்டி வந்து போயிருக்கும், இன்னொரு அரை மணியில் இறங்கவேண்டியிருக்கும். போனில் அலாரம் வையுங்கள், அதிர்வு மட்டும், இறங்க எழுபது நிமிடம் இருக்கும்போது அடிக்கும்படி.

டீ நன்றாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000லிருந்து 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான் வைக்கப்பட்டிருக்கும், ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் குளிரும் ஈரமும் உண்டு, இங்கே ஈரம் இருபது சதவீதத்துக்கும் கீழே. அதனால்தான் தொண்டை காய்கிறது. இரண்டு டீப்பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் தேறும்.

6. கைக்குழந்தை இருந்தால்

இறங்கும்போது காது அடைத்தால் அதற்கு வழி, எதையாவது விழுங்கிக்கொண்டே இருப்பதுதான். பெரியவர்கள் எச்சில் விழுங்குவோம், மிட்டாய் சப்புவோம். குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். விமானம் இறங்கத் தொடங்குவது அரை மணி முன்னால், வெந்நீர் நிற்பது அதற்கும் முன்னால். அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் வெந்நீர் கிடைக்காது. நான் மாட்டியது இந்த இடைவெளியில்தான்.

இப்போது நான் செய்வது: இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது சிறிய காலி பிளாஸ்கைக் கொண்டுபோய்ப் பாதி வெந்நீர் வாங்கிவருவேன். கொதிக்கக் கொதிக்க நிரப்பித் தர எல்லா விமானத்திலும் சம்மதிக்க மாட்டார்கள், மூடி போட்ட கோப்பையில் தருவார்கள், அதை நான் இருக்கைக்கு வந்து ஊற்றிக்கொள்வேன். கூடவே ஒரு பாட்டில் சாதாரணத் தண்ணீரும் கேட்பேன், ஆற்றுவதற்கு. பால் பவுடரை ஒருவேளைக்கான அளவாக அளந்து தனித் தனி டப்பாவில் வீட்டிலேயே போட்டு வைத்திருப்பேன். இருட்டில், குலுங்கும் இருக்கையில், ஸ்பூன் கணக்கு எண்ணிப் பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் தெரியும்.

காது அடைக்க ஆரம்பித்ததும் குழந்தையை எழுப்பிவிடுங்கள், தூங்கினாலும் சரி. தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பாலை ஒரேயடியாகக் கொடுத்துத் தீர்த்துவிடாமல், அரை மணிக்கும் வருமாறு நிறுத்தி நிறுத்திக் கொடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீங்கள் முன்னதாகவே நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தால் போதும்.

7. சர்க்கரை நோயாளி கூட இருந்தால்

எங்கள் டாக்டர் பிறகு சொன்னது: சாப்பாடு வரப்போகிறது என்ற அறிவிப்பைக் கேட்டு இன்சுலின் போட்டுக்கொள்ளக் கூடாது. தட்டு முன்னால் வந்த பிறகுதான் போட வேண்டும். வண்டி மூன்று வரிசைக்கு முன்னால் வந்து நிற்கும்போது குலுக்கல் வந்து எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டால், சர்க்கரை இறங்கிவிடும். உங்கள் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், நேர மாற்றத்தையும் சேர்த்து.

எப்போதும் கைப்பையில் குளுக்கோஸ் பிஸ்கட்டோ நாலு வெல்லக்கட்டியோ இருக்கட்டும், மேலே உள்ள பெட்டியில் அல்ல, காலடியில். பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து மேலே எடுக்க விட மாட்டார்கள். மாத்திரைக்குத் தேவையான தண்ணீரை முன்கூட்டியே வாங்கி, இருக்கை முன்பையில் வையுங்கள். கோப்பையாக இருந்தால் திரும்ப வாங்கிவிடுவார்கள், மூடி போட்ட பாட்டிலாக இருந்தால் உங்களிடமே இருக்கும். காலி பாட்டில் கட்டாயம் என்று சொன்னது இதற்கும்தான்.

8. மது

இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் மது கிடையாது. சவுதியா, குவைத் ஏர்வேஸ், ராயல் புருனே ஆகியவற்றிலும் கிடையாது. மது தரும் வெளிநாட்டு விமானங்களில் தண்ணீரை விடவும் முன்னதாகவே பார் மூடும். காரணம் சுங்கம். அந்தப் பாட்டில்கள் வரி கட்டாத சரக்கு. இறங்கும் நாட்டுக்குள் நுழையும் முன் வண்டியைப் பூட்டி, எண் போட்ட சீல் வைத்து, அந்த எண்ணைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். ஒருமுறை சீல் வைத்துவிட்டால் யார் கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். துபாய்க்குப் போன என் பெரியப்பா கெஞ்சிப் பார்த்திருக்கிறார்.

ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை விமானத்தில் திறக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பணியாளர் ஊற்றித் தந்ததைத் தவிர வேறு மதுவைக் குடிப்பது அமெரிக்க விதிப்படி கூடாது. மற்ற நிறுவனங்களும் இதையே பின்பற்றுகின்றன. இன்னொரு விமானம் மாறிப் போக வேண்டியிருந்தால், சீல் வைத்த பையைப் பிரிக்காமல், ரசீதோடு வைத்திருக்க வேண்டும்.

9. கழிப்பறையையும் கணக்கில் சேருங்கள்

இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது தண்ணீர் குடித்தால், அரை மணியில் கழிப்பறை தேடும். அந்த நேரம் பெல்ட் விளக்கு எரிந்துவிடும், கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் நீண்ட வரிசை இருக்கும், எல்லாரும் அப்போதுதான் விழித்திருப்பார்கள். பெரியவர்களை நாற்பத்தைந்து நிமிடம் இருக்கும்போது அழைத்துப் போய்வந்துவிடுங்கள். இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வரும் அம்மாக்கள் நிறைய. என் அம்மா முதல்முறை வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்துப் போடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

10. குறும்பயணம், நெடும்பயணம்

சென்னை - மதுரை, சென்னை - கொழும்பு போன்றவற்றில் மேலே சொன்ன ஒரு மணிக் கணக்கு செல்லாது, பறப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஏறி முடித்து இறங்கத் தொடங்குவதற்குள் பணியாளர்களுக்குக் கிடைப்பது அரை மணிக்கும் குறைவு. வண்டி கடைசி வரிசைக்கு வருவதற்குள் இறங்கும் அறிவிப்பு வந்துவிடும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், சூடான எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சென்னை - லண்டன், சென்னை - பிராங்ஃபர்ட் போல பத்து மணி நேரப் பயணம் என்றால் கவலை குறைவு. இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டாவது சாப்பாடு வரும், அதோடு காபியும் வரும். கடைசி வாய்ப்பு அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

11. இறங்கிய பிறகும், திரும்பும்போதும்

பாட்டிலில் அரை லிட்டராவது மிச்சம் வைத்துக்கொண்டு இறங்குங்கள். விமானத்துக்குக் கேட் கிடைக்காமல் ஓடுபாதை ஓரத்தில் காத்திருக்க நேரலாம், குடியேற்ற வரிசை நீண்டிருக்கலாம். அந்த வரிசையில் குழந்தை தண்ணீர் கேட்டால் வரிசையை விட்டுப் போக முடியாது.

திரும்பி வரும்போது சாங்கி விமான நிலையத்தில் ஒரு பொறி உண்டு. சென்னையில் சோதனை ஒரே இடத்தில், முன்னதாகவே முடிந்துவிடும். சாங்கியின் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் கேட்டின் வாசலில்தான் நடக்கிறது. உள்ளே வந்துவிட்டோம் என்று நினைத்துக் குழாயில் நிரப்பிய தண்ணீர், கடையில் வாங்கிய பழச்சாறு, எல்லாவற்றையும் அந்த வாசலில் கொட்டச் சொல்வார்கள். 4ஆம் முனையத்தில் மட்டும் சென்னை மாதிரி ஒரே இடத்தில் சோதனை. அம்மாவுக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முழு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்திருந்தார். கொட்ட மனமில்லாமல், கேட் ஓரத்தில் நின்று முக்கால் பாட்டிலைக் குடித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஓர இருக்கை போட்டிருந்தது நல்லதாயிற்று.